வாசலில் இல்லாத செருப்பு

ரூஃபஸ் வீட்டு வாசலில் செருப்பு இல்லை என்பதை முதலில் கவனித்தவள் மரகதம்தான்.

எடிசன் என்கிற ஊரில் ரயில்பாதையை ஒட்டி இருந்தது அந்தச் செங்கல் அபார்ட்மெண்ட். ஒவ்வொரு பில்டிங்குக்கும் ஒரு பொதுக்கதவு, உள்ளே நுழைந்தால் சின்ன நடை, கீழே எதிரெதிராக இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. கீழே இரண்டிலும் நம்மவர்கள்தான். ஒரு பக்கம் நஞ்சுண்டன், மரகதம், ஹைஸ்கூல் படிக்கிற மகள் வெண்பா. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். நஞ்சுண்டனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை, கிரீன் கார்டு வாங்கி நிம்மதியாகிவிட்டவர். எதிர்வீட்டில் ரூஃபஸ், ஜெயசெல்வி, குழந்தை ஜோவானா. நாசரேத்துக்காரர்கள். ரூஃபஸுக்குக் கம்ப்யூட்டர் வேலை, அந்த வேலை இருக்கிற வரைதான் இருக்க விடுகிற எச்-ஒன் விசா. மாடியில் ஒரு வீட்டில் டோரிஸ் என்கிற கறுப்பினப் பெண்மணி தனியாக இருந்தாள். முதியோர் விடுதி ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலை. இன்னொரு மாடி வீடு காலி.

நம்மவர்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் செருப்பை வாசலுக்கு வெளியேதான் விடுவார்கள். நடையில் எதுவும் வைக்கக் கூடாதென்று மேனேஜ்மெண்ட் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிற்று. மரகதம் காலையில் கதவைத் திறந்ததும் எதிர்வீட்டுச் செருப்பைத்தான் பார்ப்பாள். கறுப்பு ஆபீஸ் ஷூ இருந்தால் ரூஃபஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜெயசெல்வியின் குதிகால் செருப்பு வெளியே வந்திருந்தால் அன்றைக்கு ஞாயிறு, சர்ச்சுக்குப் போகிறார்கள். தெரியாத செருப்பு கிடந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்கள், தயிர் கேட்டுப் போகக் கூடாது. ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அந்தக் கறுப்பு ஷூ காணாமல் போனது. பிறகு ஜெயசெல்வியின் செருப்பும் உள்ளே போய்விட்டது. கேட்டதற்கு, ஜோவானா எடுத்து வாயில் வைக்கிறாள் என்றாள். நாலு வயசுப் பிள்ளை செருப்பை வாயில் வைக்குமா? மரகதம் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த நாலு வயசுப் பிள்ளையை டேகேரில் இருந்தும் நிறுத்தியிருந்தார்கள். ரூஃபஸ் இருட்டோடு கிளம்பினான். ஷூ ஆபீஸ் ஷூதான், மேலே மட்டும் தொப்பி வைத்த தடி ஜாக்கெட். ஸ்டேஷனுக்குப் போகிறவன் வலது பக்கம் திரும்ப வேண்டும். இவன் இடது பக்கம் டோனட் கடையைப் பார்த்துப் போனான்.

மரகதம் வம்புக்கு அலைகிறவள் இல்லை. ஆனால் அந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்று, அங்கே எல்லோருக்குமே சந்தேகம் பிடித்திருந்தது. காரணம் சுவர்.

துணி துவைக்கிற லாண்ட்ரி கட்டடத்தின் பின்சுவரில் யாரோ ஸ்பிரே பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். கறுப்பும் சில்வருமாக, கோணல்மாணலாக, எந்தப் பாஷை என்றே தெரியாத எழுத்து. மேனேஜ்மெண்ட் ஆள் வைத்து அதன் மேல் க்ரீம் கலர் அடித்தது. அடித்து ஈரம் காய்வதற்குள் மறுபடியும் எழுத்து. குப்பைத் தொட்டிச் சுவரில் எழுத்து, ரயில்பாதைத் தடுப்பில் எழுத்து. கூடவே பார்க்கிங்கில் இரண்டு காரின் கண்ணாடியை உடைத்து ரேடியோவைத் தூக்கிப் போனார்கள். நம் பெண்கள் தாலிக்கொடியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நம் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கிளப் ஹவுஸில் மீட்டிங் போட்டார்கள். பலாஸோ என்கிற போலீஸ் ஆபீசர் வந்து பேசினார். பார்த்தால் அப்பாவி மாதிரி சிவந்த முகம். நீங்கள் யாரையும் பிடிக்கவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம், சும்மா கண்ணைத் திறந்து வைத்திருங்கள், வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் என்றார். போகும்போது ஆளுக்கொரு மஞ்சள் சட்டையும் டார்ச்சும் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து பில்டிங் ஷ்யாமளா வீட்டு முறுக்கு ஒரு பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்.

இந்தக் காவலுக்கு வாட்ச் என்று பேர். நஞ்சுண்டனை அந்தப் பக்கத்துக்கு ப்ளாக் கேப்டன் ஆக்கினார்கள். மருந்துக் கம்பெனியில் அவரை யாரும் எதற்கும் கேப்டன் ஆக்கியதில்லை. அதனால் இதை அவர் ரொம்பப் பெரிசாக எடுத்துக்கொண்டார். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் மங்கி கேப், மப்ளர், அதன் மேல் மஞ்சள் சட்டை சகிதமாகக் கிளம்பிவிடுவார். துணைக்கு ஷ்யாமளாவின் புருஷன் சிவராமகிருஷ்ணன். மார்ச் மாதத்துச் சகதிப் பனியில் வழுக்கி வழுக்கி இரண்டு பேரும் வட்டம் போடுவார்கள். வீட்டு லோன் வட்டி, பின்வரிசை சுந்தரம் வீட்டுக்கு வந்த புது வேன், வெண்பாவுக்கு எந்தக் காலேஜ் என்று பேச்சு போகும். நடுவில் டார்ச்சை ஒரு புதர் மேல் அடித்துப் பார்ப்பார்கள். டோரிஸைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிற அவளுடைய அக்கா மகன் மேல் சந்தேகம். பீட்ஸா கொண்டுவருகிற மெக்சிகோக்காரன் மேல் சந்தேகம். அவர்களுடைய சந்தேகமெல்லாம் ஆளின் நிறத்தைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. வெண்பா ஒருநாள் தாங்காமல், "அப்பா, யூ ஆர் நாட் அ காப்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை என்றார் நஞ்சுண்டன்.

ஒரு வியாழக்கிழமை மரகதம் கறிவேப்பிலை வாங்க எதிர்வீட்டுக்குப் போனாள். ஜெயசெல்வி ஜன்னலோரத்தில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்திருந்தாள். அந்தக் குளிரில் அது துளிர்விடுவதே பெரிய விஷயம். ஜெயசெல்வி கொத்து ஒடித்துக்கொண்டிருந்தபோது ஜோவானா மரகதத்தின் விரலைப் பிடித்து, ஆண்ட்டி கம், பபிள்ஸ் பாரு என்று பாத்ரூமுக்கு இழுத்தாள். அங்கே பாத்டப்புக்குள் பேப்பர் விரித்து அதன் மேல் அந்தக் கறுப்பு ஷூ. முன்பக்கம் பூராவும் பெயிண்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. பின்னாலேயே வந்த ஜெயசெல்வி கதவைச் சாத்தினாள். மீன் விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரகதம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். புருஷனுக்குத் தட்டில் போட்டு நெய் விட்டுக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஏனுங்க, எதுத்த ஊட்டுத் தம்பி ஷூ பூராவும் பெயிண்டுங்க. பாத்ரூமுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறாங்க."

நஞ்சுண்டன் நிமிர்ந்தார். "என்ன கலரு?"

"ஆருங்க அதையெல்லாம் உத்துப் பாத்தா? வெள்ளையாட்டம் இருந்துது. சில்வராட்டமும் இருந்துது."

வேறொன்றும் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னது. நஞ்சுண்டன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு பெட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் அவர் குரல் கேட்டது. சிவராமகிருஷ்ணனிடம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு மரகதம் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் நஞ்சுண்டனும் வெண்பாவும் கிளம்பிப் போன பிறகு ஜெயசெல்வி வந்தாள். ஜோவானாவை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுச் சமையல்கட்டில் மரகதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நேத்து நீங்க அந்த ஷூவப் பாத்துட்டியள்லா?"

"பாத்தேன் கண்ணு."

"அவியளுக்கு வேல போயிட்டுக்கா. ஜனவரியிலயே. அந்த டாட்காம் கம்பெனியில பாதிப் பேர ஒரே நாள்ல அனுப்பிட்டாவ. உங்ககிட்ட எத்தன தடவ சொல்ல வந்தேன், வாய் வரல."

அவள் அழுதுகொண்டே சொன்னதில் மரகதத்துக்கு விளங்கியது இதுதான். டோனட் கடைப் பார்க்கிங்கில் ஈக்வடார் தேசத்து ஆள் ஒருவன் வேன் கொண்டுவந்து நிறுத்துவான். சுவரில் எழுதினதை அழிக்கிற காண்ட்ராக்டர். ஆளைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்தடி, பள்ளிக்கூடத்துச் சுவர், கடை ஷட்டர் என்று பெயிண்ட் அடிக்க விடுவான். பேப்பர் கிடையாது, கேள்வி கிடையாது, சாயங்காலம் கையில் கூலி. ரூஃபஸ் ரெண்டு மாசமாக அங்கேதான் போகிறான். ஆபீஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போனால்தான் பார்க்கிறவர்கள் ஆபீஸ் என்று நினைப்பார்களாம். அதனால் அந்த ஷூவோடேயே ஏணியில் ஏறுகிறான்.

"போன வாரம் நம்ம லாண்ட்ரிச் செவுத்துக்கே கூட்டிட்டு வந்துட்டான்க்கா அந்த ஆளு. இவியளுக்கு உசுரே இல்ல. தொப்பிய இழுத்து மூடிக்கிட்டு நின்னு அடிச்சிருக்காவ. ஷ்யாமளாக்கா துணிக்கூடையத் தூக்கிட்டுப் பக்கத்துலயே போயிருக்காவ. ஏறிட்டுக்கூடப் பாக்கலியாம்."

இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பு வந்தது. மரகதத்துக்கும் வந்தது. உடனே ஜெயசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெர்சி சிட்டியில ஒரு கம்பெனி எச்-ஒன் டிரான்ஸ்பர் ஃபைல் பண்றேன்னு சொல்லியிருக்கு. அடுத்த வாரமோ அதுக்கடுத்த வாரமோ. அதுவரைக்கும் மூச்சு காட்டக் கூடாதுக்கா. இந்த விசாவ வச்சிக்கிட்டுக் கூலி வேல பாக்காவன்னு எங்கயாவது எழுதிட்டான்னா, நாங்க பெட்டியத் தூக்கிட்டுப் போவ வேண்டியதுதான். அண்ணாச்சிகிட்டச் சொல்லிராதிய. அவிய வாட்ச்ல இருக்காவ, சட்டம் பேசுவாவ."

சொல்ல மாட்டேன் என்று மரகதம் சொன்னாள்.  நேற்று ராத்திரி பெட்ரூமுக்குள் கேட்ட குரல் இங்கிலீஷில் இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிவராமகிருஷ்ணனிடம் இவர் எதற்கு இங்கிலீஷில் பேசுகிறார்? ஜெயசெல்வி போனதும் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த ஷூவில் தெறித்திருந்தது சில்வரும் இல்லை, வெள்ளையும் இல்லை. அது நம் சுவரின் க்ரீம். தினமும் துணிக்கூடையோடு போகிறபோது பார்க்கிற கலர். எப்படித் தன் வாயில் சில்வர் என்று வந்தது?

சாயங்காலம் நஞ்சுண்டன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டாள்.

"நேத்து போலீசுக்குத்தான போன் பண்ணுனீங்க?"

"பண்ணுனேன். அதுக்குத்தான நம்மள வெச்சிருக்கறாங்க."

கொடுத்த வாக்கை மீறி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவரைத் தடுக்க வேறு வழி இல்லை. அந்தப் பையன் எழுதுகிறவன் இல்லை, அழிக்கிறவன் என்றாள். இப்பவே அந்த ஆபீசரைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள் என்றாள். நஞ்சுண்டன் சோபாவில் உட்கார்ந்து மப்ளரை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

"நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு சொன்னா அவன் என்னை என்னன்னு நெனப்பான்? வேலையில்லாம விசாவுல இருக்கறதே தப்பு. அதுல இது வேற. நான் போயி மறைச்சேன்னு நாளைக்கு வெளிய வந்தா?"

"குழந்தைய வெச்சிருக்கறாங்க."

"நமக்கும் குழந்தை இருக்குது."

மரகதத்துக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டினாள். தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். அன்றைக்கு வெண்பாவின் ரூமில் போய்ப் படுத்தாள். 

சனிக்கிழமை காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாகப் போலீஸ் கார் வந்து நிற்பதைப் பார்த்தாள். பலாஸோ காருக்குள்ளேயே உட்கார்ந்து ரேடியோவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மரகதம் அடுப்பை அணைத்தாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜெயசெல்வி திறந்ததும் அவளைத் தள்ளிக்கொண்டு நேராகப் பாத்ரூமுக்குப் போய் ஷூவை எடுத்து வந்து தன் வீட்டு வாசலில், நஞ்சுண்டன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். போலீஸ் வந்திருக்குது கண்ணு, நான் சொல்றதுக்குத் தலையாட்டு என்று மட்டும் சொன்னாள். 

பொதுக்கதவு திறந்தது. பலாஸோ நடையில் நின்று இரண்டு வாசலையும் பார்த்தார். பிறகு ரூஃபஸ் வீட்டைத் தட்டி, உங்கள் கணவரோடு கொஞ்சம் பேசலாமா என்று மரியாதையாகக் கேட்டார். ரூஃபஸ் வெறுங்காலோடு வந்து நின்றான். கை இரண்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள். அவனுக்குப் பின்னால் ஜோவானாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயசெல்வி. பேர் கேட்டார், சொன்னான். என்ன வேலை என்றார். கம்ப்யூட்டர் என்றான். கையை வெளியே எடுங்கள் என்றார். குரலில் மரியாதை இருந்தது. ஆனால் கேட்டது போலீஸ்காரன்.

ரூஃபஸ் கையை எடுத்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஆனாலும் நகக்கண்ணில் க்ரீம் கலர் ஒட்டியிருந்தது. பலாஸோ குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ரூஃபஸ் கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் விடப் போனான்.

"ஆபீசர்," என்றாள் மரகதம். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. "லாண்ட்ரி வால். மை ஹஸ்பண்ட் பெயிண்ட். ஹி ஆல்சோ ஹெல்ப். போத் பெயிண்ட். நாட் ரைட்டிங். க்ளீனிங். சீ, மை ஹஸ்பண்ட் ஷூ."

ஷூவைக் காட்டினாள். பலாஸோ அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். அந்த நேரத்தில் நஞ்சுண்டன் வேட்டியோடு கதவருகில் வந்து நின்றார். வெள்ளைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"பட் யூ ஆர் த ஒன் ஹூ..." என்று ஆரம்பித்தார்.

"யெஸ், யெஸ் ஆபீசர்," என்று குறுக்கே விழுந்தார் நஞ்சுண்டன். "மை ஷூஸ். சின்ன... ஸ்மால் மிஸ்டேக். ஸாரி."

கோபிச்செட்டிபாளையத்துக்காரரின் காலுக்கு அந்த ஷூ ரொம்பப் பெரிசு. பலாஸோ காலையும் பார்த்தார், ஷூவையும் பார்த்தார், நான்கு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஷூவைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, நல்ல காரியம், ஆனால் அடுத்த தடவை மேனேஜ்மெண்டிடம் கேட்டுவிட்டு அடியுங்கள் என்று சொல்லிப் போனார். கார் தெருமுனை திரும்பியது. பிறகு ரூஃபஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மரகதத்தின் வீட்டிலிருந்து தோசைக்கல் கருகுகிற வாசம் வந்தது.

ஏப்ரலில் பனி போய் ரயில்பாதை ஓரத்தில் மஞ்சள் பூ வந்தது. ஜெர்சி சிட்டிக் கம்பெனி சொன்னபடி டிரான்ஸ்பர் ஃபைல் பண்ணியது. ரூஃபஸ் புது ஷூ வாங்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தான். லாண்ட்ரிச் சுவரில் எழுத்து வருவதும் போவதுமாக இருந்தது. யார் எழுதுகிறார்கள் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

சர்ச்சு முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசெல்வி ஒரு தட்டு நிறைய ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். ஜோவானா கையிலும் ஒன்று. நஞ்சுண்டன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மரகதம் டீ போட்டாள். புது ஆபீஸ், புது மேனேஜர், ஜோவானா மறுபடியும் டேகேர் போவது என்று பேச்சு சந்தோஷமாகத்தான் போயிற்று. டீயைப் பாதி குடித்துவிட்டு ஜெயசெல்வி கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க வாட்ச்ல இருக்கியள்லா. அன்னிக்கு எங்களப் பத்தி போலீசுக்கு யாரு சொன்னாவன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன். இல்லன்னா பாக்கிற ஆளு மேலயெல்லாம் சந்தேகமா வருது. நிம்மதியாவே இல்ல."

நஞ்சுண்டன் பேப்பரை மடித்தார். மாடியில் டோரிஸ் நடக்கிற சத்தம் கேட்டது. ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தாள். நஞ்சுண்டன் விட்டத்தைப் பார்த்தார்.

"விசாரிக்கோணும்னு இல்லீங்கம்மா. மேல இருக்கறவளாத்தான் இருக்கும். அவுங்களுக்கெல்லாம் நம்ம ஆளுகளைக் கண்டா ஆகாது. கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.  அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து களைத்து வருகிறபோதெல்லாம் வாசற்படியில் உப்புத் தூவி, கீழ்வீட்டுக்காரர்கள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொண்டவள் டோரிஸ். ஒருநாள் ஒரு தேங்க்ஸ்கூட அவளிடம் யாரும் சொன்னதில்லை. நாளையிலிருந்து ஜெயசெல்வி அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வீட்டுக்கு முந்திரிக்கொத்து வந்துகொண்டே இருக்கும்.

"அவங்க இல்ல கண்ணு," என்றாள் மரகதம். "போலீசுக்குச் சொன்னது இவரு. இவருகிட்டச் சொன்னது நானு."

நஞ்சுண்டன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். ஜெயசெல்வி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரகதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சிதான்னு எனக்குத் தெரியும்க்கா. அந்த ஆபீசர் பேச்ச ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிட்டு. அவிய வாயால சொல்லுவாவளான்னு பாக்கத்தான் கேட்டேன்." ஜோவானாவின் வாயைத் துடைத்துவிட்டாள். "நீங்கதான்னு தெரியாது."

மீதி டீயை அவள் குடிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் சிங்க்கில் தானே கழுவிக் கவிழ்த்தாள். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பிறகு ஜோவானாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.